ஒளியும் கையும்: இயல்பான உருவப்படம் எடுப்பார்க்குச் சில குறிப்புகள்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆயினும் காமிராவின் முன்னே நிற்கும் முகத்திற்கு இப்பழமொழி பெரும்பாலும் பொருந்துவதில்லை. படம் எடுக்கப்போகின்றார்கள் என்று அறிந்த அக்கணமே இதழ்கள் இறுகுகின்றன, கழுத்து விறைக்கின்றது, கண்கள் இமைக்க அஞ்சுகின்றன, அதுகாறும் தம் போக்கில் இயங்கிக்கொண்டிருந்த கைகள் இரண்டும், அறியாத வீட்டிற்கு வந்த விருந்தினர்போல, எங்கே இருப்பது என்று தெரியாமல் தடுமாறுகின்றன. அந்நிலையில் எடுத்த படத்தைக் கண்ட வீட்டார், "படம் நன்றாயிருக்கின்றது, ஆனால் அவர்போல் இல்லையே" என்கின்றனர். உருவம் இருக்கின்றது, ஆளைக் காணோம்.

இக்காலத்தில் கைப்பேசி உடையார் அனைவரும் காமிராவும் உடையார். படங்களின் தொகை பெருகிவிட்டது. எனினும் ஒருவர் மறைந்தபின், அவரை அவராகவே காட்டும் படம் ஒன்று வேண்டும் என்று தேடுங்கால், ஆயிரம் படங்களுள் ஒன்றும் அகப்படுவதில்லை. இக்குறையை நீக்குதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. ஒளி வரும் திசையை அறிதல், கைகளுக்கு உரிய இடம் அளித்தல், காத்திருத்தல் என்னும் மூன்றும் போதும். அவற்றை யான் கற்றது ஒரு தவற்றினால். அதனை முதற்கண் கூறுவேன்.

ஒரு தவறு

சில ஆண்டுகளுக்கு முன்னர், நம் நூல்நிலையத்தில் பைண்டராக நெடுநாள் பணிபுரிந்த பெரியவர் ஒருவர் ஓய்வு பெற்றார். பாராட்டுக் கூட்டம் முடிந்ததும் அவரைப் படம் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அப்பொழுது நேரம் நண்பகல். முகப்பு மண்டபத்தின் படிக்கட்டில், வெயிலில், மாலையும் கழுத்துமாக அவரை நிறுத்தி, "நேராக நில்லுங்கள், சற்றுச் சிரியுங்கள்" என்றேன். அவரும் அவ்வாறே நின்றார்.

படத்தில் உச்சி வெயிலால் கண்கள் இரண்டும் கருங்குழிகளாயின. மூக்கின் நிழல் மேலுதட்டின்மேல் விழுந்து கிடந்தது. வெள்ளைச் சட்டை பளீரென்று எரிய, முகம் கரிந்து தோன்றிற்று. இடக்கை முட்டியாக இறுகியிருந்தது. வலக்கை மாலைக்குப் பின்னே மறைந்திருந்தது. கிழிந்த நூல்கள் எத்தனையோவற்றிற்கு மறுவாழ்வு அளித்த ஒருவர், அப்படத்தில் விசாரணைக்கு நிறுத்தப்பட்டவர்போல் காணப்பட்டார். பிழை அவருடையதன்று, என்னுடையதே.

விறைப்பு வந்த வழி

காமிராவின் முன் விறைத்து நிற்கும் வழக்கத்திற்கு ஒரு காரணம் உண்டு. ஒளியினால் உருவைப் பதிக்கும் கலை 1839-ஆம் ஆண்டில் உலகறிய வெளிப்பட்டது. அக்காலத்துத் தகடுகளும் தாள்களும் ஒளியை மெல்லவே ஏற்றன. ஆதலின் படத்திற்கு இருப்பவர் பல நொடிகள், சிலபொழுது சில நிமிடங்கள்கூட, அசையாதிருக்க வேண்டியதாயிற்று. தலை ஆடாதிருக்கும்பொருட்டு அதன் பின்னே இரும்புக் கவை ஒன்றை நிறுத்தினர். கை நடுங்காதிருக்கும்பொருட்டு அதனை நாற்காலியின்மேலோ முக்காலியின்மேலோ ஊன்றச் செய்தனர். கருவி விரைவு பெற்றபின் இக்கட்டாயம் நீங்கிற்று. வழக்கம் மட்டும் நீங்கவில்லை. நம் ஊர் ஸ்டூடியோக்களில் எடுத்த பழைய படங்களை நோக்குமின்: பூச்சாடி வைத்த முக்காலி, அதன்மேல் ஒரு கை, அக்கையில் கடிகாரம் நன்கு தெரியும்படியான நிற்பு. பாட்டனார்க்கும் அந்நிற்பே, பேரனுக்கும் அந்நிற்பே.

எனினும் அதே இடையூற்றை நன்மையாக மாற்றியவர்களும் அப்பழங்காலத்தில் இருந்தனர். 1843-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள், எடின்பரோ நகரில், ஸ்காட்லாந்துத் திருச்சபையினின்று நானூற்றுக்கு மேற்பட்ட குருமார் பிரிந்து புதிய சுயாதீனத் திருச்சபையை நிறுவினர். ஜான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் தொடங்கிய பள்ளியே பிற்காலத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியாக வளர்ந்தது; அப்பள்ளியை நடத்திய மிஷனரிமாரும் அப்பிரிவில் புதிய சபையின் பக்கமே நின்றனர். ஆதலின் அந்நிகழ்ச்சி நம்மனோர்க்கு முற்றும் அயலானதன்று. அதனைப் பெரியதோர் ஓவியமாகத் தீட்ட எண்ணிய டேவிட் ஆக்டேவியஸ் ஹில் என்பவர், அத்துணைப் பேர் முகங்களையும் பதிந்துகொள்ளும்பொருட்டு, ராபர்ட் ஆடம்சன் என்னும் இளைஞருடன் கூடிப் புகைப்படம் எடுக்கலானார். ஓவியம் நிறைவேற 1866-ஆம் ஆண்டு ஆயிற்று. ஆடம்சனோ 1848-இல் 26 வயதிலேயே மறைந்தார். ஆயினும் ஐந்தாண்டிற்கும் குறைந்த காலத்தில் அவ்விருவரும் எடுத்த படங்களே இன்று அவ்வோவியத்தினும் மேலாகப் போற்றப்படுகின்றன.

அவர்கள் கால்ட்டன் குன்றிலிருந்த ஒரு வீட்டின் வெளிப்புறத்தே, ஞாயிற்றின் ஒளியிலேயே படம் எடுத்தனர். நாற்காலியையும் மேசையையும் திரைகளையும் நூல்களையும் வெளியே கொணர்ந்து, வீட்டின் உட்புறம்போல் அமைத்தனர். உருவம் அசையாதிருத்தற்குக் கன்னத்தில் கையை ஊன்றச் செய்தனர்; திறந்த நூலின்மேல் விரலை வைக்கச் செய்தனர். நியூஹேவன் என்னும் மீனவர் குடியிருப்பின் மகளிர் தம் கூடைகளுடன் நின்றனர். தாங்குகோலாக அமைந்த கையே அவர்தம் தொழிலையும் குணத்தையும் எடுத்துரைப்பதாயிற்று. கைக்கு ஒரு காரியம் இருப்பின் உடல் முழுதும் அமைதியுறும் என்பதை அப்படங்கள் நமக்குக் கற்பிக்கின்றன.

சாளரத்தின் ஒளி

இனி ஒளியைப் பற்றிக் கூறுவேன். ஒளி வன்மையானது, மென்மையானது என இருவகைப்படும். இவ்வேற்றுமை ஒளியின் அளவால் வருவதன்று. ஒளி தரும் பரப்பின் அகலத்தால் வருவது. ஞாயிறு பேருருவினதாயினும் நம் கண்ணுக்குச் சிறு வட்டமாகவே தோன்றுகின்றது. ஆதலின் அதன் நேரொளியில் நிழலின் விளிம்பு கத்திபோல் கூர்மையாக விழும். அதே ஒளி மேகத்தினூடே வரும்பொழுதும், சாளரத்தின் வழியாக வானத்தின் ஒளியாக வரும்பொழுதும், அகன்ற பரப்பிலிருந்து வருதலால், நிழலின் விளிம்பு கரைந்து, கன்னத்தின் வளைவும் நெற்றியின் கோடுகளும் இனிது புலப்படும்.

கல்கத்தாவில் 1815-இல் பிறந்து, 1879-இல் இலங்கையில் மறைந்த ஜூலியா மார்கரெட் காமிரன் என்னும் அம்மையார், தம் 48-ஆம் வயதில் மகளும் மருமகனும் பரிசாகத் தந்த காமிராவைக் கொண்டே இக்கலையைத் தொடங்கினார். கோழி வளர்த்த கண்ணாடிக் கொட்டகை ஒன்றே அவர்க்குப் படச்சாலையாயிற்று. வேண்டாத ஒளியைத் திரையிட்டு விலக்கி, ஒரு புறத்தினின்று வரும் ஒளியைக் கொண்டே பெருங்கவிஞர்களின் முகங்களையும் வேலைக்காரப் பெண்களின் முகங்களையும் ஒரே மதிப்புடன் அவர் பதிந்தார். ஒளியைக் கூட்டுதலினும் குறைத்தலே கலை என்பதற்கு அவர் படங்கள் சான்று.

மேல்நாட்டு நூல்கள், வடக்கு நோக்கிய சாளரமே சிறந்தது எனக் கூறும். அந்நாடுகளில் ஞாயிறு நண்பகலில் என்றும் தென்வானத்திலேயே இருத்தலால், வடசாளரத்தில் நேர்வெயில் பெரிதும் புகுவதில்லை. நம் நாட்டிலோ இவ்விதியை அப்படியே கொள்ளலாகாது. சென்னையில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரையில் நண்பகல் ஞாயிறு உச்சிக்கு வடபால் நிற்கும். மார்ச்சு இறுதி முதல் செப்டம்பர் இறுதி வரையில் அது உதிப்பதும் மறைவதும் கிழக்கிற்கும் மேற்கிற்கும் வடக்கே சாய்ந்த புள்ளிகளில் ஆகும். அந்நாட்களில் காலையிலும் மாலையிலும் வடசாளரத்திலும் வெயில் சாய்ந்து புகும். ஆதலின் திசையை மனப்பாடம் செய்தல் வேண்டா. எச்சாளரத்தில் வெயில் நேரே விழாமல் வானம் மட்டும் தெரிகின்றதோ அச்சாளரத்தைத் தேர்க. நேர்வெயில் விழுமாயின் மெல்லிய வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டுக, அவ்வேட்டியே வானமாகிவிடும்.

சாளரத்திற்கு முதுகைக் காட்டி அமர்ந்தால் முகம் இருளும்; அதனை நேரே நோக்கி அமர்ந்தால் முகம் தட்டையாகும். சாளரம் ஒரு பக்கமாக இருக்க, முகத்தைச் சிறிதே அதன்பால் திருப்பி அமரச் செய்க. அப்பொழுது கண்மணியில் சாளரத்தின் சிறு பிம்பம் ஒன்று ஒளிப்புள்ளியாகத் தோன்றும். அப்புள்ளி இல்லாத கண் உயிரற்றதாய்த் தோன்றும். ஆதலின் படம் எடுக்குமுன் அதனைத் தேடிக் காண்பது நலம். சாளரத்தை ஒட்டி இருப்பவர் ஓரடி விலகினாலும் ஒளி பெரிதும் குறைந்துவிடும். அறையின் உள்ளே ஆறடி சென்றபின் ஓரடி விலகுதல் அவ்வளவு வேற்றுமை செய்யாது. மறுபுறத்து நிழல் மிகக் கருமையாயின், அப்பக்கத்தில் வெள்ளைத் துணியையோ வெள்ளை அட்டையையோ பிடித்தால் ஒளி திரும்பி வந்து நிழலை இளக்கும். நம் வீட்டுத் திண்ணையும் தாழ்வாரமும் இவ்வகையில் இயற்கை தந்த படச்சாலைகள். மேலே கூரை உச்சி வெயிலைத் தடுக்கின்றது. முன்னே வெளுத்த முற்றம் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றது.

நம்மவர் நிறத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். காமிராவின் ஒளிமானி, தான் காணும் காட்சி எதனையும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்றே கொள்ளும். வெள்ளைச் சட்டை படத்தில் பெரும் இடம் பெறின், அது ஒளியைக் குறைத்து முகத்தைக் கரியாக்கும். சட்டையை அளவாகக் கொள்ளாது முகத்தையே அளவாகக் கொள்க. கைப்பேசியாயின் திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து ஒளியளவைச் சரிசெய்க. அன்றியும், முகத்தைத் தானே வெளுப்பாக்கி வழுவழுப்பாக்கும் வசதி சில கைப்பேசிகளில் உண்டு, அதனை நீக்கிவிடுக. கரிய முகத்தின் அழகு, அதன்மேல் ஒளி வழுக்கிச் செல்லும் மினுமினுப்பில் இருக்கின்றது. பக்கவொளி அதனை நன்கு காட்டும். நிறத்தைக் குறையென்று கருதித் திருத்துவோர் படத்தைத் திருத்துவதில்லை, ஆளை மாற்றிவிடுகின்றனர்.

கையின் இடம்

ஒளி அமைந்தபின் கையை நோக்குக. மணிக்கட்டு முதல் விரல் நுனி வரை உள்ள நீளம், மோவாய் முதல் நெற்றியின் மேற்பகுதி வரை உள்ள நீளத்திற்கு ஏறக்குறைய ஒத்தது. ஆதலின் விரித்த கையை முகத்தின் அருகே முழுதும் காட்டினால், படத்தில் இரண்டு முகங்கள் போட்டியிடுவதுபோல் ஆகும். புறங்கையையோ உள்ளங்கையையோ நேரே காட்டாமல், சுண்டுவிரலின் ஓரம் காமிராவை நோக்குமாறு சிறிது திருப்பினால், கை மெலிந்து அழகுறும்.

கன்னத்தில் கை வைப்பவர் தலையின் பாரத்தை அதன்மேல் இறக்கலாகாது. தொட்டும் தொடாமலும் இருத்தல் வேண்டும். கை முகத்தினும் காமிராவிற்கு மிக அணித்தாக இருப்பின் பெருத்துத் தோன்றும். அகன்ற பார்வையுடைய கைப்பேசியில் இக்குற்றம் மிகுதி. ஆதலின் ஐந்தாறு அடி விலகி நின்று எடுக்க. படத்தின் எல்லை மணிக்கட்டிலோ விரல் கணுவிலோ கையை வெட்டக்கூடாது. கை முழுதும் இருக்கட்டும், அன்றேல் முழங்கைக்கும் மணிக்கட்டிற்கும் நடுவே எல்லை அமையட்டும். கை இயங்கிக்கொண்டிருப்பின், ஒளிபுகும் காலம் ஒரு நொடியில் 125-இல் ஒரு பங்கிற்கு மேற்படாமல் இருப்பது நலம். குவியம், நம்மை அடுத்திருக்கும் கண்ணின்மேல் நிற்கட்டும்.

ஆயினும் இவ்விதிகள் எல்லாவற்றையும் படத்திற்கு இருப்பவரிடம் ஓதினால், அவர் முன்னினும் விறைப்பார். அவரிடம் கூறவேண்டுவது ஒன்றே: "உங்கள் வேலையைச் செய்யுங்கள்." பூத்தொடுப்பவர் பூத்தொடுக்கட்டும், ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கட்டும், பாட்டியார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவட்டும். பழகிய பொருளைப் பற்றிய கை தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும். கை அமைதியுற்றபின் முகமும் தன்னை மறக்கும்.

கையின் வன்மைக்கு ஒரு சான்று கூறுவேன். 1936-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் நிப்போமோ என்னும் இடத்தில், பட்டாணி பறிக்கும் கூலியாட்களின் கூடாரங்களுக்கிடையே டாரதியா லாங் என்னும் அம்மையார் ஒரு தாயைப் படம் எடுத்தார். இரு குழந்தைகள் முகத்தைத் திருப்பித் தாயின் தோள்களில் சாய்ந்திருக்க, அவர் விரல்கள் கன்னத்தின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கின்றன. அவ்வொரு கையில் அந்நாட்டு ஏழைகளின் கவலை முழுதும் தங்கியிருக்கின்றது. அப்படத்தின் கீழ் மூலையில், கூடாரக் கம்பைப் பற்றியிருந்த ஒரு கையின் பெருவிரல் தெரிந்தது. அது பார்வையைக் கவர்கின்றது என்று எண்ணிப் பிற்காலத்தில் அதனை மங்கச் செய்தனர். ஒரு விரலும் படத்தில் வாளாவிருப்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

அப்படத்திற்கு மற்றொரு வரலாறும் உண்டு. உலகெங்கும் பரவிய அப்படத்தில் இருந்தவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டது. அப்படத்தால் தமக்கு யாதொரு பயனும் விளையவில்லை என்றும், அது எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம் என்றும் அவர் அப்போது வருந்தினார். சிறந்த படம் வேறு, செம்மையான செயல் வேறு ஆதல் உண்டு என்பதைப் படம் எடுப்போர் மறத்தல் ஆகாது.

காத்திருத்தலும் கேட்டலும்

இயல்பான படம் என்றவுடன், அறியாமல் ஒளிந்திருந்து எடுப்பதே அஃது என்று பலர் கருதுகின்றனர். ஜெர்மனி நாட்டு எரிக் சாலமன், 1928 முதல் பெரிய மாநாடுகளில் விளக்கொளி இன்றி, உள்ள ஒளியிலேயே அரசியல் தலைவர்கள் உரையாடுவதையும் உறங்கிவிழுவதையும் படம் எடுத்துப் புகழ் பெற்றார். பொது வாழ்வில் உள்ளாரை எடுத்த படங்கள் அவை. வீட்டிலும் விடுதியிலும் உள்ள எளியாரிடம் அம்முறையைக் கையாளுதல் முறையன்று. ஒளிதல் வேண்டா; காத்திருத்தலே வேண்டும். 1946-இல் காந்தியடிகளை இராட்டையுடன் படம் எடுக்கச் சென்ற மார்கரெட் பர்க்-வைட் அம்மையாரிடம், முதலில் நூற்கக் கற்றுக்கொள்ளும்படி கூறினர். அவரும் கற்றார். ஒருவருடைய கை செய்யும் தொழிலைச் சிறிதேனும் அறிந்தவனுக்கே, அக்கை எக்கணத்தில் நிற்கும், எக்கணத்தில் முகம் நிமிரும் என்பது தெரியும்.

நம் பெரியவரிடம் மீள்வோம். ஓய்வு பெற்றபின்னும் அவர் சில நாள், தம் இடத்திற்கு வந்த இளைஞருக்குத் தொழில் பழக்குதற்கு வந்துகொண்டிருந்தார். ஒருநாள் காலை ஒன்பது மணியளவில் பைண்டு அறைக்குச் சென்றேன். வானம் தெரியும் சாளரத்தின் அருகே, கிழிந்த அகராதி ஒன்றைப் பிரித்து வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, நீங்கள் வேலையைப் பாருங்கள். நான் இந்த மூலையில் இருந்து சில படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்றேன்.

"எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. நான் ஒன்றும் செய்யவேண்டாமல்லவா?" என்றார்.

"ஒன்றும் வேண்டாம்."

முதற் கால்மணி நேரம் அவர் என்னை நினைந்தே தைத்தார். அதன்பின் நூலை நினைந்து தைத்தார். எதிர்ப்புறத்தில் அடுக்கியிருந்த வெள்ளைத் தாள்கள் நிழலை இளக்கின. நூலிழையைப் பல்லால் கடித்து அறுத்து, புத்தகத்தின் முதுகைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அக்கணம் எடுத்த படமே படமாயிற்று. கண்ணில் சாளரம் இருந்தது. முகத்தில் திருப்தி இருந்தது. வலக்கை முழுதும் ஒளியில் இருந்தது. அப்பொழுதுதான் அக்கையின் ஆள்காட்டி விரலில் நுனிக்கணு இல்லாமையைக் கண்டேன். தாள் வெட்டும் கத்தியில் இளமையில் போனதாம். மாலைக்குப் பின்னே அக்கை மறைந்திருந்ததன் காரணம் அன்று விளங்கிற்று. இத்தனை ஆண்டு ஒரே வளாகத்தில் இருந்தும் நான் அதனை அறியவில்லை.

படத்தைத் தாளில் பதித்து அவரிடம் கொடுத்தேன். நெடுநேரம் நோக்கினார். "விரல் தெரிகிறதே, ஐயா" என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. "வேண்டாமென்றால் அழித்துவிடுகின்றேன்" என்றேன். அவர் தலையசைத்து, "ஆபீசுக்கு அந்த மாலை போட்ட படமே இருக்கட்டும். இது வீட்டுக்கு" என்று கூறி, அதனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளாமல், தாம் தைத்துக்கொண்டிருந்த அகராதியின் ஏடுகளுக்கிடையே மடங்காதபடி வைத்துக்கொண்டார்.

ஆதலின் அப்படம் இம்மலரில் இடம்பெறவில்லை. அஃது அவர் வீட்டுச் சுவருக்கு உரியது. எடுத்தவனுக்கு உரிமை உண்டு என்று சட்டம் கூறலாம். எடுக்கப்பட்டவர் விருப்பமே முந்தியது என்று அன்பு கூறும்.

மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்கின்றீர்கள். அங்கே அடுக்களைச் சாளரத்தின் அருகே உங்கள் அன்னையார் கீரை ஆய்ந்துகொண்டிருப்பர். திண்ணையில் உங்கள் பாட்டனார் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பர். அவர்களை எழுப்பி நிறுத்தி வெயிலுக்கு அழைத்துவாராதீர்கள். இசைவு கேட்டுக்கொண்டு, அவர்கள் இருக்குமிடத்திலேயே ஒளி எங்கிருந்து வருகின்றது என்று நோக்கி, அருகே அமருங்கள். கைகளைப் பாருங்கள். அவை உங்களை மறக்கும் வரை காத்திருங்கள். எடுத்தபின் முதலில் அவர்களுக்கே காட்டுங்கள்.